ஆட்டுக்குக் காப்புறுதி எடுப்பது எப்படி? கொட்டிலில் இருந்து தொடங்குவோம்

காப்புறுதி பற்றிப் பேச்செடுத்தால் எங்கள் பக்கத்தில் வரும் பதில், "மாரி போகட்டும், பிறகு பார்ப்போம்." 2022 டிசம்பரில் அந்த மாரிக் குளிர்தான் இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் மாடு, ஆடுகளை நூற்றுக்கணக்கில் கொண்டுபோனது. புதிதாகப் பத்து ஆட்டோடு தொடங்குபவர்கள் என்ன செய்யலாம் என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: ஒவ்வொரு ஆட்டுக்கும் ஓர் இலக்கம்

முக்கால்வாசி வேலை இதில்தான் இருக்கிறது. காப்புறுதி பட்டிக்கு இல்லை, தனித்தனி ஆட்டுக்கு. செத்தது காப்புறுதி செய்த ஆடுதானா என்பதுதான் காப்புறுதி நிறுவனம் கேட்கும் முதல் கேள்வி. பத்து வெள்ளை மறி (பெட்டை ஆடு) நின்றால் உங்களுக்கு அடையாளம் தெரியும், வருகிற அதிகாரிக்குத் தெரியாது.

காதில் இலக்கத் தகடு போடுங்கள். தகடு தெரிய ஒரு படம், இரண்டு பக்கமும் ஒவ்வொரு படம் எடுத்து வையுங்கள். ஒரு கொப்பியில் ஆட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, வாங்கிய நாள், விலை, ஊசி, புழு மருந்து, குட்டி போட்ட திகதி எல்லாம் எழுதுங்கள். தகடு வேலியில் மாட்டிக் கழன்றால் அன்றே அறிவித்து மாற்றுங்கள். முள்முருக்கங் குழைக்குத் தலையை நீட்டுகிற ஆட்டுக்குத் தகடு கழலாமல் இருந்தால்தான் அதிசயம்.

படி 2: பெறுமதி

சரியான சந்தை விலையைச் சொல்லுங்கள். காப்புறுதிக்கு நாம் கட்டும் கட்டுப்பணத்தைக் குறைக்க 40,000 ரூபா ஆட்டை 20,000 என்று எழுதினால், இழப்பீடும் 20,000-ஐத் தாண்டாது. ஜமுனாபாரி என்ற ஆட்டினத்தின் கலப்பு என்றால் வாங்கிய பற்றுச்சீட்டையோ விற்றவரின் கையொப்பக் கடிதத்தையோ பத்திரமாக வையுங்கள்.

படி 3: யாரிடம் போவது

1999-ஆம் ஆண்டின் 20-ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் கமத்தொழில் மற்றும் கமநலக் காப்புறுதிச் சபையிடம் கால்நடைக் காப்புறுதி இருக்கிறது. தனியார் நிறுவனங்களிடமும் கேட்கலாம். எங்கே போனாலும் ஆடு சுகமாக இருக்கிறது என்று மிருக வைத்தியரின் சான்று கேட்பார்கள். அதனால் உங்கள் பிரிவு மிருக வைத்தியரிடம் முதலில் போங்கள். மருந்துக்கு மட்டும் அவரைத் தேடுகிற பழக்கம் நமக்கு உண்டு.

படி 4: எது கிடைக்காது என்று வாசியுங்கள்

முகவர் என்ன கிடைக்கும் என்று சொல்லிவிடுவார். நீங்கள் மற்றப் பக்கத்தைக் கேளுங்கள். களவு போனால்? கட்டாக்காலி நாய் கடித்தால்? லொறியில் ஏற்றிப் போகும்போது செத்தால்? ஊசி போடாத நோயால் செத்தால்? எந்த வயதுக் குட்டியில் இருந்து சேர்ப்பார்கள்? இழப்பில் எவ்வளவை நான் தாங்க வேண்டும்? ஒவ்வொரு பதிலையும் தமிழில் எழுத்தில் வாங்குங்கள். யாழ்ப்பாணத்துத் தீவகப் பக்கம் ஆட்டை அவிழ்த்து மேயவிடுபவர்கள் களவையும் நாயையும் இரண்டு தடவை கேட்க வேண்டும்.

கொட்டில் இதில் சேராது. கிடுகுக் கூரை என்றால் தீக்கு வேறாக விசாரியுங்கள். உங்கள் ஆடு அயலாரின் மிளகாய்த் தோட்டத்தில் புகுந்தாலும் இந்தக் காப்புறுதிப் பத்திரம் உதவாது.

படி 5: ஆடு செத்தால்

என்னுடைய பிழையைச் சொல்கிறேன். ஒரு மறி விடியற்காலம் செத்துக் கிடந்தது. வெயில் ஏற முன் புதைத்துவிட்டு, அப்புறம்தான் போன் எடுத்தேன். பரிசோதிக்க உடலும் இல்லை, காட்டத் தகடும் இல்லை. தகடு காதோடு மண்ணுக்குள் போயிருந்தது. ஒரு சதமும் வரவில்லை.

ஆகவே முதலில் நிறுவனத்துக்கும் மிருக வைத்தியருக்கும் அறிவியுங்கள். எத்தனை மணி நேரத்துக்குள் என்பது பத்திரத்தில் இருக்கும். தகடு தெரியக் கிடந்த இடத்திலேயே படம் எடுங்கள். உடலை நிழலில் மூடி, நாய் அண்டாமல் வையுங்கள். வைத்தியர் பார்த்து எழுதித் தந்த பிறகு புதையுங்கள். களவு என்றால் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி தேவைப்படும்.

எப்போது எடுப்பது? பணம் கட்டிய அன்றே பாதுகாப்பு தொடங்கும் என்று நினைக்காதீர்கள். முதல் சில நாள் நோய்ச் சாவுக்கு இழப்பீடு இல்லாத பத்திரங்கள் உண்டு. ஐப்பசி மழை தொடங்கிய பிறகு ஓடாமல், ஆவணியிலேயே விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள். அடுத்த வருடம் புதுப்பிக்கும் திகதியும் மாரிக்கு முன்னேயே வரும்.