கூத்துக் களரியிலிருந்து தொடங்கும் நாடகப் பாடம்

வேலூர்ப் பக்கத்துக் கல்லூரிகளில் நாடகக் கலையை முதன்முறையாகப் பயில்வோர், பாடநூலைத் திறக்கும் முன் ஒரு தெருக்கூத்தை விடியும் வரை அமர்ந்து பார்த்துவிட வேண்டும். திரௌபதியம்மன் திருவிழாக்களில் பாரதக் கூத்து நடைபெறும் ஊர்கள் இவ்வட்டாரத்தில் பல உண்டு, பழைய வட ஆற்காட்டைச் சேர்ந்த புரிசையோ கூத்துக்கென்றே பெயர் பெற்றது.

கதை முழுவதையும் பின்தொடர முயலாமல், ஒரே ஒரு பாத்திரத்தின் வருகையைக் கவனியுங்கள். இருவர் பிடித்திருக்கும் திரைக்குப் பின்னிருந்து பாட்டு எழுவது, கிரீடமும் புஜக்கட்டை என்னும் தோளணியும் மெல்லத் தெரிவது, கூத்தை நடத்திச் செல்லும் விதூஷகனான கட்டியங்காரன் கேள்வி கேட்டு வேடத்தை அவையோருக்கு அறிமுகம் செய்வது, முகவீணை என்னும் சிறு ஊதுகருவி ஓய்ந்து வசனம் தொடங்குவது ஆகியவற்றை நிகழும் வரிசையிலேயே குறிப்பேட்டில் எழுதுங்கள்.

பிறகு சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் படியுங்கள். கோல் என்னும் பழைய நீட்டலளவையில் 7 கோல் அகலமும் 8 கோல் நீளமும் 1 கோல் உயரமும் கொண்ட அரங்கையும் மூவகை எழினியையும், அதாவது திரையையும், அது விவரிக்கிறது. அந்த அளவைக் கல்லூரி மைதானத்தில் கயிறு கட்டிக் குறித்து, உள்ளே நடந்து பார்ப்பது மிகுந்த பயன் தரும்.

அரிஸ்டாட்டில் துன்பியல் நாடகத்துக்குக் கூறும் 6 கூறுகளை அதன் பின்னரே கையில் எடுங்கள். அவர் கதைப்பின்னலை முதலில் வைக்கிறார். கதை தெரிந்தே வந்து அமரும் கூத்துப் பார்வையாளருக்கு அது பொருந்துமா என்பதை உங்கள் குறிப்பேட்டைக் கொண்டே வகுப்பில் வாதிடுங்கள்.