காரைக்குடி மண்டபத்தில் மெட்டல்கோர்: 30 நிமிட செட்டை மேடையேற்றும் முறை

செட்டிநாட்டில் மெட்டல்கோர் (ஹெவி மெட்டலும் ஹார்ட்கோர் பங்கும் கலந்த இசை) வாசிக்க வரும் குழு முதலில் சமாளிக்க வேண்டியது சுவரைத்தான். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து வழவழவென்று தேய்த்த பூச்சு, ஆத்தங்குடி கல் பாவிய தரை, தேக்குத் தூண்கள். எதுவும் சத்தத்தை உறிஞ்சாது, எல்லாம் திருப்பி அடிக்கும். புதிய கல்யாண மண்டபங்களிலும் கிரானைட்டும் டைல்ஸுமாக இதே நிலைதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மேடையிலிருந்து பின்சுவர் 24 மீட்டர் என்றால் ஒலி போய்த் திரும்ப 48 மீட்டர், அதாவது சுமார் 140 மில்லி வினாடி. 180 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 180 பீட்) டபுள் பெடலின், அதாவது இரு காலாலும் கிக் டிரம்மை அடிக்கும் பெடலின், பதினாறாம் பங்கு அடிகளுக்கு நடுவே இருப்பது 83 மில்லி வினாடி. முதல் அடியின் எதிரொலி திரும்புவதற்குள் இரண்டாவது அடி விழுந்து, மூன்றாவதும் நெருங்கிவிடுகிறது. கேட்பவர் காதில் எல்லாம் ஒன்றாகக் குழைந்து ஒரே இரைச்சல். சத்தத்தைக் கூட்டினால் எதிரொலியும் கூடத்தான் கூடும். மேடைச் சத்தத்தைக் குறைப்பது ஒன்றே வழி.

பின்சுவரில் ஜமுக்காளத்தை இரண்டாக மடித்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளித் தொங்கவிடுங்கள். பாத்திரக்கடை வாடகையிலேயே கிடைக்கும். மெல்லிய பந்தல் துணியால் பலனில்லை. ஜமுக்காளமும் கிட்டாரின் கூச்சலையும் சிம்பலையும்தான் அடக்கும், பேஸை, அதாவது தாழ்ந்த ஒலியைத் தொடாது. ஆகவே சப்வூஃபர்களை (பேஸ் ஒலிக்கும் பெட்டிகளை) இரு மூலைகளில் பிரிக்காமல் மேடைக்கு முன் நடுவில் சேர்த்து வையுங்கள். மூலையில் வைத்தால் பேஸ் ஊதிப்போகும்.

பழைய வீட்டின் வளவில் நடத்தலாமா என்று பலர் கேட்கிறார்கள். படம் அழகாக வரும், ஆனால் எங்கள் பரிந்துரை மண்டபம்தான். வளவு வானம் பார்த்த முற்றம், சத்தம் தெருவுக்குப் போகும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை. மூடிய அரங்குக்கு உள்ள விலக்கு முற்றத்துக்குப் பொருந்தாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். எந்த இடமானாலும் காவல் நிலையத்தில் எழுத்தில் அனுமதி வாங்கி, 6 மணிக்குத் தொடங்கி 9.15க்குள் முடித்துவிடுங்கள். மேடை முன் கூட்டம் மோதி ஆடும் மாஷ்பிட்டுக்கும் வளவு ஆகாது. தண்ணீர் சிந்திய ஆத்தங்குடி கல் வழுக்கும், நாலு பக்கமும் தூண் நிற்கும். மண்டபத்தில் முன்வரிசை நாற்காலிகளை 20 அடிக்கு எடுத்துவிட்டால் போதும்.

தேதிக்கு ஆடியும் மார்கழியும் நல்லது. முகூர்த்தம் இல்லாததால் மண்டபம் காலியாக இருக்கும், வாடகையும் பேசிக் குறைக்கலாம். ஆடியில் பக்கத்து அம்மன் கோவில் திருவிழா நாளை மட்டும் முன்பே விசாரித்து விலகிக்கொள்ளுங்கள்.

கரண்ட் விஷயத்தில் மைக்செட்காரர் "எல்லாம் சரியா இருக்கு தம்பி" என்று சொன்னாலும் மல்டிமீட்டரை எடுங்கள். ஃபேஸுக்கும் (கரண்ட் வரும் லைனுக்கும்) நியூட்ரலுக்கும் இடையே 220 முதல் 240 வோல்ட், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். மூன்று ஃபேஸ் இணைப்பில் நியூட்ரல் கழன்றால் ஒரு லைனில் 400 வோல்ட் வரை ஏறி ஆம்ப், லேப்டாப் எல்லாம் புகைந்துவிடும். மிக்சர், கிட்டார் ஆம்ப், லேப்டாப் மூன்றும் ஒரே ஃபேஸில், ஒரே எர்த்தில். விளக்குகளுக்கு வேறு ஃபேஸ். இரைச்சல் போக வேண்டுமென்று எர்த் பின்னை வெட்டும் பழக்கம் உயிருக்கு ஆபத்து: கையில் கம்பி, உதட்டில் மைக், நடுவில் நீங்கள். ஜெனரேட்டரில் 15 கேவிஏ என்றால் கிடைப்பது சுமார் 12 கிலோவாட். சிறிய மண்டபத்துக்கு அது தாராளம்.

கிட்டாருக்கு டிராப் சி (தடித்த கம்பி சியில் நிற்கும் தாழ்ந்த சுருதி) என்றால், தடித்த கம்பியிலிருந்து சி-ஜி-சி-எஃப்-ஏ-டி. 25.5 அங்குல ஸ்கேலில் (கம்பி அதிரும் நீளம்) 11-56 தடிமன் கம்பி போடுங்கள், 10-46 தொளதொளக்கும். ஏசி அறையிலிருந்து மேடை வெக்கைக்கு வந்ததும் கம்பி விரிந்து சுருதி இறங்கும். அரை மணி நேரம் முன்பே மேடையில் வைத்துவிட்டு டியூன் செய்யுங்கள். ஆம்பின் கரகரப்பைக் கூட்டும் கெயினில், வீட்டில் வைப்பதில் பாதி போதும். நடு அலைவரிசையை வெட்டாதீர்கள், 800 ஹெர்ட்ஸை ஒட்டித்தான் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி) கேட்கும். கிட்டாரின் தாழ்ந்த சி 65 ஹெர்ட்ஸ், பேஸ் கிட்டாரின் சி 33 ஹெர்ட்ஸ். மிக்சரில் கிட்டாருக்கு 90 ஹெர்ட்ஸில் ஹைபாஸ் (அதற்குக் கீழுள்ள ஒலியை வெட்டும் வடிகட்டி) போட்டு, கீழ்ப்பகுதியை பேஸ் கிட்டாருக்கு விட்டுக்கொடுங்கள். வாசிக்காதபோது வரும் இரைச்சலை அடைக்கும் நாய்ஸ் கேட்டின் அளவை, கம்பியைக் கையால் அமுக்கிக்கொண்டு, வால்யூம் முழுவதும் திறந்த நிலையில் வையுங்கள்.

டிரம்ஸ் மதுரையிலோ திருச்சியிலோ வாடகைக்கு எடுக்கலாம், இரண்டும் சுமார் 90 கிலோமீட்டர். சிம்பல், ஸ்னேர், டபுள் பெடல் மட்டும் சொந்தமாகக் கொண்டுபோங்கள். கிக் டிரம்மின் கூர்முனை ஆத்தங்குடி கல்லைக் கீறும், வழுக்கியும் போகும். அடியில் பிளைவுட், அதன்மேல் 2 மீட்டருக்கு 2 மீட்டர் கம்பளம்.

பின்னணி டிராக்குக்கு எளிய வழி: ஸ்டீரியோ கோப்பில் இடப்பக்கம் சிந்த்தும் (சிந்தசைசர் ஒலி) சப் டிராப்பும் (ஆழமாக இறங்கும் பேஸ் ஒலி), வலப்பக்கம் டிரம்மருக்குத் தாளம் காட்டும் கிளிக். இடம் டிஐ பாக்ஸ் (சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றும் சிறு பெட்டி) வழியாக மிக்சருக்கு, வலம் டிரம்மரின் ஒயர் இயர்ஃபோனுக்கு. அடிக்கடி நடக்கும் தவறு, ஜாக் மாறிப்போய் கிளிக் அரங்கம் முழுக்க "டக் டக்" என்று ஒலிப்பது. கிளிக் ஒயரில் சிவப்பு டேப் சுற்றுங்கள். போனில் ஏரோபிளேன் மோட், லேப்டாப்பில் நோட்டிஃபிகேஷன் ஆஃப்.

பிரேக்டவுனுக்கு (பாட்டு வேகம் குறைந்து கனமாக அடிக்கும் பகுதிக்கு) முன் வரும் அந்த ஒரு பீட் மௌனத்துக்குத் தனிக் கவனம் தேவை. 140 பிபிஎம்மில் அது 430 மில்லி வினாடிகூட இல்லை, மண்டபம் அதற்குள் அடங்காது. காலி மண்டபத்தில் ஓங்கி ஒரு கைதட்டு தட்டி, ஒலி அடங்க எவ்வளவு நேரமாகிறது என்று எண்ணுங்கள். நீளமாக இருந்தால் மௌனத்தை இரண்டு அல்லது நான்கு பீட்டாக நீட்டி, டிராக்கையும் அன்று மாலையே வெட்டி ஒட்டிவிடுங்கள். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும், அடுத்த அடி நெஞ்சில் விழும். ஆட்கள் நிறைந்ததும் எதிரொலி ஓரளவு குறைவதால், சவுண்ட்செக்கில் பயந்து டிரெபிளை ஏற்ற வேண்டாம்.

மெட்டல் பாடகரின் கரகரத்த ஸ்க்ரீமுக்குத் தேவை மூச்சு. கத்தல் அல்ல, தொண்டை வலித்தால் முறை தவறு. 15 நிமிடம் வார்ம்அப், அறைச் சூட்டில் தண்ணீர். மைக்கின் வலைத்தலையைக் கையால் பொத்திப் பிடிக்கும் ஸ்டைல் வேண்டாம், பின்பக்கத் துளை அடைபட்டால் ஃபீட்பேக் ஊளையிடும். வரியை எழுதும்போதே ஆ, ஏ, ஓ என்று வாய் திறந்து முடியும்படி பாருங்கள். "எரியும்" என்றால் ம் உதட்டை மூடி ஒலியைக் கொன்றுவிடும், "எரியுதே" என்றால் நீளும். இந்த ஊரில் விருந்தைத் தட்ட முடியாதுதான், ஆனாலும் காரமான சாப்பாடு வயிற்று அமிலத்தைத் தொண்டைக்கு ஏற்றும். "பாடி முடிச்சிட்டு வந்து சாப்பிடுறோம் ஆச்சி" என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

செட்டில் மூன்றரை நிமிடப் பாட்டாக ஏழு வைத்தால் 24.5 நிமிடம், மீதி டியூனிங்குக்கும் பேச்சுக்கும். டியூன் செய்யும்போது டிராக்கில் ஒரு மெல்லிய ஓசை ஓடட்டும். தாய்மொழியில் கத்தினால் வெளியூரில் எடுபடாது என்ற பயம் வேண்டாம். டெல்லியின் பிளட்டிவுட் குழு இந்தி, பஞ்சாபி வரிகளோடு 2019இல் ஜெர்மனியின் வாக்கன் விழா மேடை ஏறியது. சொந்தப் பாட்டு எழுதுபவர்கள் பாட்டுக்கான ராயல்டியை வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் அமைப்பில் உறுப்பினராகிவிடுங்கள். மிக்சரின் யுஎஸ்பி ஒவ்வொரு சேனலையும் தனித்தனியாகத் தருமென்றால் அப்படியே பதிவு செய்து, நன்றாக வந்த ஒரு பாட்டை ஒரு வாரத்துக்குள் மிக்ஸ் செய்து வெளியிடுங்கள். சென்னை, பெங்களூரு மேடைக்காரர்களிடம் வாய்ப்புக் கேட்கும்போது ஸ்டுடியோ பதிவோடு அந்த லைவ் வீடியோவையும் அனுப்புங்கள். மேடையில் உங்களால் என்ன முடியும் என்பதைத்தான் அவர்கள் பார்க்க விரும்புவார்கள்.