திலாப்பியாத் தீனியில் மீன்தூளின் பாதிக்குப் புழுத்தூள்

திருகோணமலை மாவட்டத்தின் கந்தளாய், தம்பலகாமம், கிண்ணியா பக்கங்களில் திலாப்பியா வளர்ப்பவர்களின் செலவில் பெரும்பகுதி தீனிக்கே போகிறது; அத்தீனியில் விலை கூடியது மீன்தூள். மக்கள் உண்ணக்கூடிய சாளையையும் நெத்தலியையும் அரைத்து இன்னொரு மீனை வளர்ப்பதை இயன்றவரை குறைப்பதே முறை. அதற்குக் கறுப்புச் சிப்பாய் ஈயின் (Black Soldier Fly) புழு உதவும். வீட்டு ஈயைப் போல இது உணவில் மொய்ப்பதில்லை.

சந்தையில் கழிக்கப்படும் மரக்கறிகளையும் பழங்களையும் நறுக்கித் தவிடு கலந்து, கையால் பிழிந்தால் ஓரிரு துளி மட்டும் சொட்டும் ஈரத்தில், புழுக்களுக்கு உணவாக அகன்ற தட்டுகளில் பரப்புங்கள். இறைச்சிக் கழிவையும் பூஞ்சணம் பிடித்த தானியத்தையும் சேர்க்கக் கூடாது. அதன்மேல் வைக்கும் இந்த ஈயின் முட்டைகள் சுமார் நான்கு நாள்களில் பொரிக்கும். நம் ஊர் வெப்பத்தில் இரண்டு, மூன்று வாரங்களில் புழுக்கள் அறுவடைக்கு வரும். வாடை (வடகீழ்ப் பருவ) மழையில் தட்டு நனைந்தால் புழுக்கள் ஏறி வெளியேறிவிடும். ஆகவே ஒழுகாத கூரை மிக அவசியம்.

புழுக்கள் வெளிர் நிறத்தில் இருக்கும்போதே சலித்தெடுங்கள். கறுத்துவிட்டால் தோல் தடித்து மீனுக்குச் செரிப்பது குறையும். கழுவி, சில நிமிடங்கள் கொதிநீரில் இட்டு, சோளக (தென்மேல் பருவக்காற்று) காலத்தில் வெயிலிலும், வாடைக் காலத்தில் 60 பாகை செல்சியஸ் அளவிலான உலர்த்தியிலும், விரலால் நொறுங்கும்வரை உலர்த்தி அரைக்க வேண்டும். இத்தூளில் ஏறத்தாழ 40 சதவீதம் புரதமும் 30 சதவீதம் கொழுப்பும் உண்டு. கொழுப்பு மிகுதியால் விரைவில் காறல் அடிக்கும். காற்றுப் புகாத கலத்தில் வைத்து, சிறுகச் சிறுக அரைப்பதே நல்லது.

பத்துக் கிலோ தீனிக்குப் புழுத்தூள் 1.5, மீன்தூள் 1.5, சோயாப் புண்ணாக்கு 2.5, தவிடு 2.5, தேங்காய்ப் புண்ணாக்கு 1, மரவள்ளி மா 1 கிலோ எனக் கொண்டால் புரதம் 30 சதவீதத்தை ஒட்டி வரும். வளரும் திலாப்பியாவுக்கு அது போதும். மரவள்ளி மாவைக் கூழாகக் காய்ச்சி, மற்றவற்றுடன் விற்றமின், கனிமக் கலவையையும் சேர்த்துப் பிசைந்து, இறைச்சி அரைக்கும் இயந்திரத்தில் இழையாகப் பிழிந்து நிழலில் உலர்த்துங்கள். முதல் வாரம் பழைய தீனியுடன் கால் பங்கு மட்டும் கலந்து கொடுத்து, மிச்சம் விடுகிறதா என்று பார்த்த பின்பே கூட்டுங்கள்.

குடாவில் கூடுகளில் கொடுவா வளர்ப்பவர்கள் இதே அளவைப் பின்பற்றக் கூடாது. புழுக் கொழுப்பு தேங்காய் எண்ணெயை ஒத்தது. கடல்மீனுக்கு வேண்டிய ஒமேகா-3 கொழுப்பமிலம் அதில் மிகக் குறைவு. அவர்கள் குறைந்த பங்கையே மாற்றி, மீனெண்ணெயைக் கட்டாயம் தொடர வேண்டும்.