நியூயார்க்கின் பெரிய ஹோட்டலில் முதல் முறை தங்கப் போகிறீர்களா? புக்கிங் முதல் செக்-அவுட் வரை

கம்பெனி வேலையாகவோ, பிள்ளைகள் டிக்கெட் போட்டுக் கொடுத்தோ முதல் முறை நியூயார்க் போய், மன்ஹாட்டன் நடுவில் ஆயிரம் இரண்டாயிரம் அறைகள் உள்ள ஹோட்டலில் தங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நம் ஊர் ஹோட்டலில் ரூம் பாய் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, ஏசியைப் போட்டுக் காட்டி, "காபி வேணுமா சார்" என்று கேட்டுவிட்டுத்தான் போவார். அங்கே அப்படி யாரும் வர மாட்டார்கள். கேட்டால் சிரித்த முகத்தோடு எல்லாம் செய்வார்கள், கேட்காதவரை நீங்கள் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. டைம்ஸ் சதுக்கத்தில் 1985-இல் திறந்த மேரியட் மார்க்கீஸை எடுத்துக்கொள்ளுங்கள்: 49 மாடி, 1,900-க்கும் மேல் அறைகள். அத்தனை பேரில் உங்களுக்கு என்ன தேவை என்று யாரால் கவனிக்க முடியும்? அதனால் கூச்சத்தை ஊரிலேயே வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

படி 1: புக் செய்யும்போது தேதியைப் பாருங்கள், அப்புறம் விலையைப் பாருங்கள்

முதலில் தேதி. விமானம் 11-ஆம் தேதி காலை 6 மணிக்கு இறங்குகிறது என்று 11-ஆம் தேதியிலிருந்து அறை போட்டால், சாவி கையில் கிடைக்க மதியம் 3 மணி, 4 மணி ஆகிவிடும். வயதானவர்கள் கூட வருகிறார்கள், போனதும் படுக்க வேண்டும் என்றால் 10-ஆம் தேதி இரவுக்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டியதுதான். ஆனால் அப்படிச் செய்தால், "11-ஆம் தேதி விடியற்காலையில்தான் வந்து சேருவோம்" என்று ஹோட்டலுக்கு ஒரு மெயில் கட்டாயம் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் 10-ஆம் தேதி இரவு ஆள் வரவில்லை என்று மொத்த புக்கிங்கையும் ரத்து செய்துவிட வாய்ப்பு இருக்கிறது.

அடுத்தது விலை. திரையில் தெரியும் 300 டாலர் 300 டாலர் இல்லை. நியூயார்க் நகரத்தில் அறைக்கு 14.75 சதவீதம் வரி, அதற்கு மேல் ஓர் இரவுக்கு 3.50 டாலர். ஆக 347.75. இது போக டெஸ்டினேஷன் ஃபீ என்று பல ஹோட்டல்கள் தினமும் ஒரு தொகை வாங்கும், வேண்டாம் என்று சொல்ல முடியாது. முன்பெல்லாம் இதைக் கடைசிப் பக்கத்தில்தான் காட்டுவார்கள். 2025 மே 12 முதல், கட்டாயக் கட்டணத்தையெல்லாம் முதலில் காட்டும் விலையிலேயே சேர்க்க வேண்டும் என்று அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் விதி போட்டுவிட்டது. அரசு வரியை மட்டும் பிறகு சேர்க்கலாம். அந்த ஃபீயைக் கட்டினால் சில இடங்களில் அன்றாடம் இத்தனை டாலருக்கு உள்ளேயே சாப்பிடலாம் என்று சலுகை தருவார்கள். அன்றைக்குப் பயன்படுத்தாவிட்டால் அன்றைக்கே போச்சு, மறுநாளைக்குச் சேராது. செக்-இன் செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

படி 2: கவுண்டரில் நிற்கும்போது

பாஸ்போர்ட், கிரெடிட் கார்டு இரண்டையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அறைக்கு ஏற்கெனவே பணம் கட்டியிருந்தாலும் கார்டைக் கேட்பார்கள், சில்லறைச் செலவுக்கு என்று ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள். பணம் எடுக்கவில்லை, முடக்கி வைக்கிறார்கள், அவ்வளவுதான். டெபிட் கார்டைக் கொடுத்தால் உங்கள் சொந்தப் பணமே பல நாள் மாட்டிக்கொள்ளும், அதனால் கிரெடிட் கார்டுதான் சரி.

அறை எண்ணை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். சாவி அட்டை வைத்த சின்ன உறையில் எழுதி, விரலால் காட்டி நகர்த்துவார்கள். பின்னால் நிற்பவர் காதில் விழக்கூடாது என்பதற்காக. நீங்களும் "ஏங்க, 3412 தானே?" என்று லாபி முழுக்கக் கேட்கும்படி கூப்பிடாதீர்கள்.

இங்கேதான் மூன்று விஷயங்களைக் கேட்க வேண்டும். லிஃப்ட்டிலிருந்து தள்ளி அறை, உயரமான மாடி, பக்கத்து அறைக்குப் போகும் நடுக்கதவு இல்லாத அறை. மூன்றாவது ரொம்ப முக்கியம். நடுக்கதவு உள்ள அறையில் பக்கத்து வீட்டுக்காரர் டிவியில் என்ன பார்க்கிறார் என்பது வரைக்கும் தெரியும். எனக்கு ஒரு முறை (பெயர் வேண்டாம்) விடிய விடிய கூடைப்பந்து கமெண்டரி. மறுநாள் காலை கவுண்டரில் சொன்னதும் ஒரு வார்த்தை மறுத்துப் பேசாமல் அறையை மாற்றிக் கொடுத்தார்கள், முந்தின இரவே போன் அடித்திருந்தாலும் மாற்றியிருப்பார்களாம்.

அறை தயாராகவில்லை என்றால் பெட்டிகளை பெல் டெஸ்க்கில் (பெட்டிகளை வாங்கி வைக்கும் கவுண்டர்) போட்டுவிட்டு ஊர் சுற்றப் போகலாம். டோக்கனை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்ப எடுக்கும்போது பெட்டிக்கு ஒன்று இரண்டு டாலர் டிப்ஸ் கொடுப்பது வழக்கம்.

படி 3: லிஃப்ட்

சிரிக்காதீர்கள், முதல் முறை போகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். அமெரிக்காவில் தரைத்தளமே முதல் மாடி. 13-ஆம் மாடி பல கட்டடங்களில் எண்ணிலேயே இருக்காது. மார்க்கீஸில் லாபியே 8-ஆம் மாடியில் இருக்கிறது, தெருவிலிருந்து உள்ளே நுழைந்ததும் கவுண்டரைத் தேடினால் கிடைக்காது.

அங்கே லிஃப்ட்டுக்கு உள்ளே மாடி எண் பட்டனும் கிடையாது. வெளியில் இருக்கும் பலகையில் உங்கள் மாடி எண்ணை அழுத்த வேண்டும், அது ஏதாவது ஓர் எழுத்தைக் காட்டும், அந்த எழுத்து போட்ட லிஃப்ட்டின் முன்னால் போய் நிற்க வேண்டும். கதவு திறந்திருக்கிறதே என்று கிடைத்ததில் பாய்ந்து ஏறினால், அது யாரோ அழுத்திய மாடிக்குத்தான் போகும், உள்ளே நின்று உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. ஐந்து பேர் குடும்பமாக வந்து அப்பா மட்டும் ஒரு தடவை அழுத்தினால் இயந்திரம் ஒரே ஆள் என்றுதான் கணக்கு போடும். ஆளுக்கு ஒரு தடவை அழுத்துங்கள். மாலையில் பிராட்வே நாடகத்துக்குப் போகிற கூட்டம் மொத்தமாக இறங்கும், உங்களுக்கும் டிக்கெட் இருந்தால் கால் மணி நேரம் முன்னதாகவே அறையை விட்டுக் கிளம்பிவிடுங்கள்.

படி 4: அறைக்குள் முதல் பத்து நிமிடம்

துணியைப் பிரித்துப் போடாதீர்கள். ஏசி ஓடுகிறதா, வெந்நீர் வருகிறதா, கதவின் உள்தாழ்ப்பாள் விழுகிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு பெட்டியைத் திறங்கள். எது சரியில்லை என்றாலும் அறை போனில் 0 அழுத்தினால் போதும்.

மேஜை மேல் அழகாக ஒரு தண்ணீர் பாட்டில் நிற்கும், கழுத்தில் சின்னதாக ஓர் அட்டை தொங்கும். அதைப் படித்துவிட்டுத் தொடுங்கள், பெரும்பாலும் விலைதான் எழுதியிருக்கும். மினிபாரில் (அறையிலேயே விலைக்குத் தின்பண்டம், பானம் வைத்த குட்டி ஃபிரிட்ஜ்) சில இடங்களில் சென்சார் உண்டு, எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தாலும் பில்லில் ஏறிவிடும். நியூயார்க் குழாய்த் தண்ணீர் கேட்ஸ்கில் மலைப்பக்கத்து நீர்த்தேக்கங்களிலிருந்து வருவது, தாராளமாகக் குடிக்கலாம்.

குளியலறைதான் பெரிய கதை. வாளி இல்லை, மக் இல்லை, குளிக்கும் தொட்டிக்கு வெளியே தரையில் தண்ணீர் போக வழியும் பெரும்பாலும் இருக்காது. திரைச்சீலையின் கீழ் நுனியைத் தொட்டிக்கு உள்ளே விட்டுக்கொண்டு குளியுங்கள். வெளியே தொங்கவிட்டால் தண்ணீர் அதன் வழியாகவே வழிந்து, கம்பளம் வரைக்கும் போய், கீழ் அறைக்காரர் போன் செய்யும் நிலைக்கு வந்துவிடும். கழிப்பறையில் ஹெல்த் ஃபாசெட் இருக்காது, ஒரு பிளாஸ்டிக் மக்கைப் பெட்டியில் போட்டுக்கொண்டு போனால் யாரும் கேட்கப் போவதில்லை. சின்ன ஷாம்பூ பாட்டில்களை வீட்டுக்கு எடுத்து வரலாம் என்று நினைத்தால் அதுவும் நடக்காது: 2025 ஜனவரியிலிருந்து நியூயார்க் மாநிலத்தில் பெரிய ஹோட்டல்கள் அந்தக் குட்டி பிளாஸ்டிக் பாட்டில்களைத் தரக்கூடாது, சுவரில் பொருத்திய பெரிய பாட்டில்தான்.

காலையில் குளித்துவிட்டு ஊதுபத்தி, சூடம் ஏற்றும் பழக்கம் உள்ளவர்கள் அங்கே மட்டும் மனதுக்குள்ளேயே கும்பிட்டுக்கொள்ளுங்கள். புகை அலாரம் அடித்தால் அப்புறம் ஆள் வரும், அபராதமும் வரும். ஊரிலிருந்து கொண்டு போகும் குக்கரும் வேண்டாம், அங்கே மின்சாரம் 120 வோல்ட்.

சாப்பாடு

காலை உணவு வாடகையில் சேர்ந்தது என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். உள்ளே ஓர் ஆம்லெட்டுக்குக் கொடுக்கும் காசில் வெளியே இரண்டு பேர் வயிறு நிறையச் சாப்பிடலாம். வெந்நீர் வேண்டும் என்றால் காபி மிஷினில் காபி போடாமல் வெறும் தண்ணீரை ஓட விடுங்கள், அல்லது கெட்டில் கேளுங்கள், பல இடங்களில் கொண்டு வந்து தருவார்கள். நாக்கு செத்துப்போனால் லெக்சிங்டன் அவென்யூவில் 28-ஆம் தெருப் பக்கம் போங்கள், இந்தியச் சாப்பாட்டுக் கடைகள் வரிசையாக இருக்கும். அங்கே 123-ஆம் எண்ணில் கலுஸ்டியன்ஸ் என்ற மசாலாக் கடை இருக்கிறது. 1881-இல் செஸ்டர் ஆர்தர் அமெரிக்க ஜனாதிபதியாகப் பதவியேற்றது அந்தக் கட்டடத்தில்தான், இப்போது அங்கே மல்லி, மிளகு வாங்கலாம்.

ராத்திரி போன் வந்தால்

"ரிசப்ஷனிலிருந்து பேசுகிறோம், கம்ப்யூட்டர் பழுது, கார்டு எண்ணை மறுபடி சொல்லுங்கள்" என்று யாராவது அழைத்தால் சொல்லாதீர்கள். இது தெரிந்த ஏமாற்று வேலை. போனை வைத்துவிட்டு நீங்களே கீழே இறங்கிப் போய்க் கேளுங்கள்.

படி 5: கிளம்பும் நாள்

அறையைச் சுத்தம் செய்பவருக்கு ஓர் இரவுக்கு இரண்டிலிருந்து ஐந்து டாலர் என்ற கணக்கில் தினமும் காலையில் தலையணை மேல் வைப்பது நல்லது, ஏனென்றால் கடைசி நாள் வருகிறவர் வேறு ஆளாக இருக்கலாம். செக்-அவுட் 11 அல்லது 12 மணி. இரவு விமானம் என்றால் முந்தின நாளே ஒரு மணி நேரம் கூடுதலாகக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் கிடைக்கும். அதற்கு மேல் வேண்டும் என்றால் பெட்டியை மறுபடி பெல் டெஸ்க்கில் விடலாம்.

பில்லைக் கதவுக்கு அடியில் தள்ளியிருப்பார்கள் அல்லது மெயிலில் வரும். கீழே இறங்குவதற்கு முன் ஒவ்வொரு வரியாகப் பாருங்கள், தொடாத மினிபாருக்குக் காசு போட்டிருந்தால் கவுண்டரில் சொன்ன உடனே நீக்கிவிடுவார்கள், ஊருக்கு வந்து மெயில் அனுப்பினால் இழுத்தடிக்கும். முடக்கி வைத்த தொகை உங்கள் வங்கியைப் பொறுத்துச் சில நாளில் விடுபடும், இரண்டு வாரம் ஆகியும் வராவிட்டால் பில் நகலோடு முதலில் வங்கியைக் கூப்பிடுங்கள்.