மோமோ சூப்புக்கு இறால் தலையை எடுத்து வையுங்கள்

மோமோ வண்டியில் கூடவே ஒரு பேப்பர் கப்பில் ஊற்றித் தருவார்களே, அதை நான் சூப் என்று ஒத்துக்கொள்வதில்லை. முட்டைக்கோஸ் வெந்நீரில் முகம் கழுவிவிட்டுப் போயிருக்கும், அவ்வளவுதான். மோமோவையும் காரமான சூடான சாற்றையும் ஒரே கிண்ணத்தில் சேர்க்கத் தெரிந்தவர்கள் நேபாளத்துக்காரர்கள். காத்மாண்டுப் பக்கம் அதை ஜோல் மோமோ என்பார்கள். தக்காளி, வறுத்த எள், மிளகாய் எல்லாம் அரைத்துக் கரைத்த சாற்றில் வெந்த மோமோவைப் போட்டுத் தருவது. நான் செய்வதில் எள்ளும் தக்காளியும் அவர்களுடைய வழி. சாற்றுக்கு அடிப்படை மட்டும் கடலூர் முதுநகர் இறால்.

மஞ்சக்குப்பத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். கடையைப் பூட்டி வீடு வந்து சேர எட்டரை ஆகும், தீபாவளி நெருங்கினால் இன்னும் தாமதம். அதனால் நேரக் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடையில் விற்கும் உறைந்த மோமோ பாக்கெட் இருந்தால் அரை மணி நேரம் போதும். மோமோவையும் வீட்டிலேயே செய்வதென்றால் ஒன்றேகால் மணி நேரம் வேண்டும். நான் ஞாயிற்றுக்கிழமை செய்து ஃப்ரீசரில் போட்டுக்கொள்கிறேன், வாரத்தின் நடுவில் பாக்கெட்டைப் போலவே கைக்கு வரும். பாக்கெட் வாங்குவதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. ஆனால் சூப்பையும் பாக்கெட்டில் வாங்காதீர்கள்.

நாலு பேருக்கு 400 கிராம் முழு இறால் வாங்குங்கள். தலை, ஓடு போனால் 200 கிராம் சதை நிற்கும். பெரிய இறாலாகப் பார்க்க வேண்டாம், நடுத்தரம் போதும், விலையும் குறைவு. மீன்காரம்மாவிடம் சுத்தம் செய்யக் கொடுத்தால் தலையைப் பழக்கத்தில் கீழே தள்ளிவிடுவார். "தலையையும் ஓட்டையும் தனிக் கவரில் போட்டுக் குடுங்கம்மா" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இதை எனக்குப் பழக்கியது என் மாமியார். அவருக்குப் பிறந்த வீடு முதுநகர். இறால் குழம்பு வைத்தால் தலையை அம்மியில் நசுக்கிப் பிழிந்த சாற்றை ஊற்றாமல் இறக்க மாட்டார். "தலையக் கொட்டிட்டு ருசிய எங்கம்மா தேடுவ?" என்பார். சூப்பிலும் அதே கதைதான். தலைக்குள் இருக்கும் அந்த ஆரஞ்சுக் கொழுப்பில்தான் ருசி முழுக்க இருக்கிறது.

தலை புதிதாக இருக்க வேண்டும் என்பது முக்கியம். இறாலில் முதலில் கெடுவது தலைதான். உடம்போடு ஒட்டாமல் தொங்கினாலோ, மூக்கில் ஏறுகிற வாடை வந்தாலோ யோசிக்காமல் விட்டுவிடுங்கள். நல்ல தலையில் நுனிக் கொம்பைக் கத்தரிக்கோலால் வெட்டி எறிந்துவிட்டு, ஒரே ஒரு முறை தண்ணீரில் அலசினால் போதும். தேய்த்துத் தேய்த்துக் கழுவினால் கொழுப்பு சாக்கடையோடு போய்விடும்.

எங்கள் கடலூர்ப் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது, இறால் விலை எகிறும். அப்போது வளர்ப்பு இறாலான வனாமி வாங்கலாம், சூப்புக்குத் தாராளமாகப் போதும். அதுவும் கிடைக்கவில்லையா, இரண்டு கைப்பிடி சென்னாக்கூனியை (காயவைத்த பொடி இறால்) வெறும் சட்டியில் வறுத்து, மண் போக அலசி, தலைக்குப் பதிலாகப் போடுங்கள். வாசனை தூக்கலாக இருக்கும், உப்பு மட்டும் பார்த்துச் சேர்க்க வேண்டும்.

இனி சாறு. அடி கனமான பாத்திரத்தில் 2 மேசைக்கரண்டி நல்லெண்ணெய் ஊற்றிக் காய்ந்ததும் தலை, ஓடு எல்லாவற்றையும் கொட்டுங்கள். தீ நடுத்தரம். முதலில் தண்ணீர் விடும், பச்சை வாடை அடிக்கும், பயப்படாதீர்கள். நாலைந்து நிமிடத்தில் தண்ணீர் வற்றி ஓடு நன்றாகச் சிவந்து, எண்ணெயும் சிவப்பாகிவிடும். அந்த நேரத்தில் மத்தையோ கரண்டியின் பின்பக்கத்தையோ வைத்துத் தலைகளை அழுத்தி நசுக்குங்கள். இதைச் செய்யாமல் வெறுமனே தண்ணீரை ஊற்றினால் சாறு சவசவ என்றுதான் இருக்கும். நசுக்கிய பிறகு இஞ்சி நாலு வில்லை, வெங்காயத்தாளின் வெள்ளை அடிப்பகுதி கொஞ்சம், ஒன்றேகால் லிட்டர் வெந்நீர். கொதி வந்ததும் தீயைக் குறைத்துப் பதினைந்து நிமிடம் மட்டும் விடுங்கள். எலும்பு சூப் மாதிரி மணிக்கணக்கில் வைத்தால் ருசி கூடாது, ஓட்டின் கசப்புதான் இறங்கும். மேலே வருகிற நுரையை எடுத்துப் போட்டுவிட்டு வடிகட்டினால் ஏறக்குறைய ஒரு லிட்டர் கிடைக்கும்.

அந்தப் பதினைந்து நிமிடத்தில் பக்கத்து அடுப்பைச் சும்மா விடாதீர்கள். தோசைக்கல்லைக் காயவைத்து மூன்று நாட்டுத் தக்காளியைப் பாதியாக வெட்டிக் குப்புறப் போடுங்கள். கூடவே தோலோடு ஏழெட்டுப் பல் பூண்டு. தக்காளியின் தோல் அங்கங்கே கருகட்டும், அந்தப் புகை வாசனை சூப்புக்கு வேண்டும். பெங்களூர்த் தக்காளியில் புளிப்பு குறைவு, அதுதான் இருக்கிறது என்றால் கடைசியில் எலுமிச்சையைக் கூட்டிக்கொள்ளலாம். தக்காளியை எடுத்த பிறகு அதே கல்லைத் துடைத்து, 2 மேசைக்கரண்டி வெள்ளை எள், 2 மேசைக்கரண்டி நிலக்கடலை, 4 காஷ்மீர் மிளகாய், 2 குண்டு மிளகாய், ஒவ்வொன்றாக வறுங்கள். எள் படபடவென்று வெடிக்க ஆரம்பித்ததும் இறக்கிவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் சிவக்கட்டுமே என்று நின்றால் கசந்துவிடும். காஷ்மீர் மிளகாய் நிறத்துக்கு, குண்டு மிளகாய் காரத்துக்கும் வாசனைக்கும். குழந்தைகள் சாப்பிடுவதாக இருந்தால் குண்டு மிளகாயை விட்டுவிட்டு, பெரியவர்கள் கிண்ணத்தில் மட்டும் மிளகாய் எண்ணெயை ஊற்றிக்கொள்ளலாம். நிலக்கடலை ஒத்துக்கொள்ளாதவர் வீட்டில் இருந்தால் எள்ளை மட்டும் கூட்டிப் போடுங்கள்.

எள்ளையும் கடலையையும் முதலில் தூளாக்கி, அப்புறம் மிளகாய், தோலுரித்த பூண்டு, தக்காளி சேர்த்து ஒரு கரண்டி சாறு ஊற்றி மைய அரையுங்கள். நறநறவென்று இருந்தால் கிண்ணத்தின் அடியில் போய்த் தங்கிவிடும். அரைத்ததை ஒரு கரண்டி எண்ணெயில் போட்டு, ஓரத்தில் எண்ணெய் பிரியும் வரை வதக்கி, வடிகட்டிய சாற்றை ஊற்றிக் கொதிக்கவிடுங்கள். ஐந்து நிமிடம். ஒரு தேக்கரண்டி சோயா சாஸ், அதைப் பார்த்து உப்பு. எள்ளும் கடலையும் இருப்பதால் சூப் தானாகவே லேசாகக் கெட்டிப்படும். கார்ன்ஃப்ளார் கரைத்து ஊற்றவே வேண்டாம். ஹோட்டல் சூப்பின் அந்த வழவழப்பு இதற்குச் சேராது.

நேபாளத்தில் இதில் திம்மூர் என்று மிளகு மாதிரி ஒரு மசாலா போடுவார்கள். நாக்கில் மரத்துப்போகிற மாதிரி ஒரு கூச்சமும், எலுமிச்சைத் தோல் வாசனையும் அதற்கு உண்டு. நம் பக்கத்து மளிகைக் கடையில் கேட்டால் விழிப்பார்கள். அந்தக் கூச்சத்துக்கு நம்மிடம் மாற்று கிடையாது, வாசனைக்கு உண்டு. ஒரு நார்த்தை இலையையோ எலுமிச்சை இலையையோ கிள்ளிப் போட்டு, இடித்த மிளகு அரைத் தேக்கரண்டி தூவி, அடுப்பை அணைத்து மூடி வையுங்கள். இரண்டு நிமிடம் கழித்து இலையை எடுத்துவிடலாம். எலுமிச்சைச் சாறும் அடுப்பை அணைத்த பிறகுதான்.

வீட்டில் மோமோ செய்பவர்களுக்கு இனி வருவது. 200 கிராம் மைதா, அரைத் தேக்கரண்டி உப்பு, 100 மில்லி பச்சைத் தண்ணீர். ஆவியில் வேகவைக்கிற மோமோ என்றால் வெந்நீர் விட்டுப் பிசைந்தால் மெத்தென்று வரும். நாம் கொதிக்கிற தண்ணீரில் போடப் போகிறோம், அதற்குப் பச்சைத் தண்ணீரில் பிசைந்த மாவுதான் கிழியாமல் தாங்கும். முதலில் முரடாகத்தான் இருக்கும், தண்ணீர் போதவில்லையோ என்று தோன்றும். ஊற்றிவிடாதீர்கள். ஈரத்துணி போட்டு மூடி இருபது நிமிடம் வைத்துவிட்டு மறுபடி பிசைந்தால் அதே மாவு வழிக்கு வந்திருக்கும். சிலர் கோதுமை மாவில் செய்யலாமா என்று கேட்கிறார்கள். செய்யலாம், சூப்பில் கிடந்தால் சீக்கிரம் ஊறிப் பிய்ந்துவிடும், உடனே சாப்பிட்டுவிட வேண்டும். நான் மைதாவோடு நின்றுகொள்கிறேன். தினமுமா சாப்பிடப் போகிறோம்?

மாவு ஊறும்போது இறாலின் முதுகு நரம்பை எடுத்துவிட்டு, பாதியைப் பொடியாக நறுக்குங்கள், பாதியை அரைத் தேக்கரண்டி உப்போடு கத்தியால் கொத்தி மசியுங்கள். உப்பு பட்டுக் கொத்தக் கொத்தப் பசை மாதிரி ஒட்ட ஆரம்பிக்கும். அதுதான் உள்ளே பூரணத்தைப் பிடித்து வைக்கும், முட்டையோ மாவோ தேவையில்லை. நறுக்கிய பாதி, துருவிய இஞ்சி, ஒரு பச்சை மிளகாய், வெங்காயத்தாளின் பச்சைப் பகுதி, மிளகுத்தூள், ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் சேர்த்துக் கலந்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். பெரிய வெங்காயம் போட்டால் தண்ணீர் விட்டு மாவு நனைந்துவிடும்.

இருபத்து நாலு உருண்டை வரும். நடுவில் கொஞ்சம் தடிப்பாகவும் ஓரம் மெல்லியதாகவும் தேய்த்து, ஒரு சின்னக் கரண்டி பூரணம் வைத்து மூட வேண்டியதுதான். மோமோ என்றாலே உச்சியில் குடுமி முடிந்து பை மாதிரி மடிக்க வேண்டும் என்று பலர் பயந்து பாக்கெட் வாங்குகிறார்கள். சூப்புக்கு அந்த மடிப்பு நல்லதே இல்லை. குடுமியில் மாவு தடித்து வேகாமல் நிற்கும். தீபாவளிக்குச் சோமாசு செய்கிற கைகளுக்கு இது ஒரு வேலையா? அதே அரை வட்டம், ஓரத்தை அதே மாதிரி முறுக்கிக்கொண்டே போங்கள். மூடும்போது உள்ளே காற்று நிற்காமல் விரலால் தள்ளிவிட வேண்டும், காற்று இருந்தால் கொதிக்கும்போது உப்பி வாய் திறந்துவிடும். ஓரத்தில் பூரணத்தின் எண்ணெய் பட்டாலும் ஒட்டாது.

எடுத்து வைப்பதாக இருந்தால் மைதா தூவிய தட்டில் ஒன்றோடொன்று படாமல் அடுக்கி ஃப்ரீசரில் இறுக விட்டு, அப்புறம் பையில் போடுங்கள். நேராகப் பையில் போட்டால் எல்லாம் சேர்ந்து ஒரே கட்டியாகிவிடும். இறாலின் தலை, ஓட்டையும் இன்னொரு பையில் அன்றைக்கே ஃப்ரீசரில் போட்டுவிடலாம், சாறு வைக்க வேண்டிய நாளில் அப்படியே எண்ணெயில் போடலாம்.

வேகவைப்பதைத் தனித் தண்ணீரில் செய்யுங்கள். எதற்கு இரண்டு பாத்திரம் என்று சூப்பிலேயே போட்டால், மோமோ மேலே ஒட்டியிருக்கும் மைதா கரைந்து சூப் கஞ்சியாகிவிடும், இத்தனை நேரம் எடுத்த சாற்றின் நிறமும் போய்விடும். அகலமான பாத்திரத்தில் நிறையத் தண்ணீர், கொஞ்சம் உப்பு. நன்றாகக் கொதிக்கும்போது பத்துப் பன்னிரண்டாகப் போட்டு, அடியில் ஒட்டாமல் ஒரு தடவை மெல்லக் கிளறுங்கள். மேலே மிதந்து வந்ததும் ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீர் ஊற்றுங்கள், கொதி அடங்கி மறுபடி எழும். இன்னொரு முறை அதே போல. மாவு கிழியாமல் உள்ளே வரை வேக வடசீனத்து வீடுகளில் இப்படித்தான் செய்கிறார்கள். அன்று செய்தது என்றால் ஐந்து நிமிடத்தில் வெந்துவிடும், ஃப்ரீசரில் இருந்தது ஏழெட்டு நிமிடம் எடுக்கும். உறைந்ததை வெளியே வைத்து இளகவிடாதீர்கள், நேராகக் கொதிநீருக்குப் போகட்டும். சந்தேகமாக இருந்தால் ஒன்றை வெட்டிப் பாருங்கள், இறால் உள்ளே வெளுத்திருக்க வேண்டும். கடை மோமோவுக்குப் பாக்கெட்டில் போட்டிருக்கிற நேரத்தைப் பாருங்கள், பல பாக்கெட்டில் ஏற்கெனவே பாதி வெந்ததுதான் வருகிறது.

கடைசியாக மிளகாய் எண்ணெய். சின்னக் கிண்ணத்தில் ஒரு மேசைக்கரண்டி கொரகொரப்பான மிளகாய்த்தூள், பொடியாக நறுக்கிய பூண்டு இரண்டு பல், ஒரு சிட்டிகை உப்பு. 3 மேசைக்கரண்டி கடலை எண்ணெயைப் புகை வரும் முன்பே இறக்கி, அரை நிமிடம் ஆறவிட்டு ஊற்றுங்கள். சுர்ரென்று நுரைத்துப் பூண்டு வாசனை வர வேண்டும், தூள் கறுத்தால் எண்ணெய் அதிகம் காய்ந்துவிட்டது, புதிதாகப் போடுங்கள். பூண்டு கலந்த எண்ணெயை நாள்கணக்கில் வெளியே வைக்கக் கூடாது, அன்றைக்கு வேண்டியதை மட்டும் செய்யுங்கள்.

ஆளுக்கு ஆறு மோமோவைக் கிண்ணத்தில் போட்டு, அது பாதி முழுகும் அளவுக்குச் சூப்பை ஊற்றி, மேலே மிளகாய் எண்ணெய், கொத்தமல்லி, வெங்காயத்தாள். முழுக்க முழுகும்படி ஊற்றினால் சீக்கிரம் ஊறிப்போகும்.

சைவம் சாப்பிடும் நாளில் முட்டைக்கோஸ், கேரட், பன்னீர் வைத்து மடியுங்கள். கோஸில் உப்புப் போட்டுப் பத்து நிமிடம் கழித்துப் பிழிந்துவிட வேண்டும். சாற்றுக்கு காளானை நன்றாகச் சிவக்க வதக்கித் தண்ணீர் ஊற்றுங்கள். நன்றாகத்தான் இருக்கும், இறால் சாற்றோடு ஒப்பிடாமல் சாப்பிட்டால்.

சூப் எப்போதும் கொஞ்சம் மிஞ்சும்படியே வைப்பேன். மோமோவை எடுத்துவிட்டுச் சூப்பை மட்டும் ஃப்ரிட்ஜில் வைத்து, காலையில் தளதளவென்று கொதிக்கவைத்தால் இடியாப்பத்துக்கு ஊற்றிக்கொள்ளலாம். மிஞ்சின மோமோவை எண்ணெய் தடவித் தனி டப்பாவில் வைத்தால், தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் மொறுமொறுவென்று சுட்டுப் பிள்ளைகளின் டிபன் பாக்ஸில் போட்டு அனுப்பிவிடலாம்.