சமவெளி வீட்டுத் தோட்டத்தில் உருளைக்கிழங்கு: பட்டம், விதை, மண் அணைப்பு

உருளைக்கிழங்கு ஊட்டியிலும் கொடைக்கானலிலும் மட்டுமே விளையும் என்று எண்ணி, சமவெளியில் வீட்டுத் தோட்டம் வைத்திருப்போர் பலர் அதை முயன்று பார்ப்பதே இல்லை. முயன்றவர்களிலும் பலர், சமையலறையில் முளைவிட்ட கிழங்கைச் சித்திரையிலோ ஆடியிலோ மண்ணில் புதைத்து, செடி தளதளவென்று வளர்வதைக் கண்டு மகிழ்ந்து, கடைசியில் தோண்டிப் பார்த்தபோது கோலிக்குண்டு அளவில் நாலைந்து கிழங்குகளே இருப்பதைக் கண்டு கைவிட்டிருப்பார்கள். அவர்கள் இட்ட உரத்திலோ ஊற்றிய நீரிலோ பெரும்பாலும் குறை இருந்திருக்காது. விதைத்த மாதமே தவறு. சமவெளியில் இந்தப் பயிருக்கு ஆண்டில் ஒரே ஒரு பட்டந்தான் உண்டு. அதைப் பிடித்துக்கொண்டால் மற்ற வேலைகள் கத்தரி, தக்காளி வளர்ப்பதைவிடக் கடினமானவை அல்ல.

காரணத்தைத் தெரிந்துகொண்டால் பட்டத்தின் முக்கியத்துவம் விளங்கும். நாம் உண்ணும் உருளைக்கிழங்கு வேர் அன்று. மண்ணுக்குள் பக்கவாட்டில் ஓடும் மெல்லிய தண்டுகளின் நுனி பருத்து உருவாவதே கிழங்கு. பகலில் இலைகள் ஆக்கும் மாவுச்சத்தில் செடி தன் மூச்சுக்கும் வளர்ச்சிக்கும் செலவிட்டது போக எஞ்சியதுதான் அந்த நுனியில் சேர்கிறது. இரவு வெப்பநிலை 15 முதல் 20 பாகை செல்சியசுக்குள் இருக்கும்போது இந்தச் சேமிப்பு நன்றாக நடக்கிறது. இரவு வெப்பமாக இருந்தால் சேர்த்த மாவுச்சத்தில் பெரும்பகுதியைச் செடி இரவிலேயே எரித்துவிடுவதோடு, புதிய கிழங்குகள் தோன்றுவதும் குறைந்து, வளர்ச்சியெல்லாம் இலையிலும் தண்டிலும் போய்விடுகிறது. மண்ணின் வெப்பம் 30 பாகையை எட்டினால் கிழங்கு பருப்பது ஏறத்தாழ நின்றுபோகும்.

ஆகவே, செடி முளைத்து ஒரு மாதமாகிக் கிழங்கு பிடிக்கத் தொடங்கும் காலம் மார்கழி, தை மாதக் குளிரில் வந்து அமையுமாறு விதைக்க வேண்டும். ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி போன்ற மேட்டுநிலப் பகுதிகளில் ஐப்பசி மத்தியிலேயே தொடங்கலாம். வடகிழக்குப் பருவமழை வலுவாகப் பெய்யும் கடலோர மாவட்டங்களில் அடைமழையில் விதைக்கிழங்கு அழுகிவிடும் என்பதால், மழை சற்று ஓய்ந்த பிறகு, நவம்பர் கடைசியிலோ டிசம்பர் முதல் வாரத்திலோ நடுவது நல்லது. கடலோர ஊர்களில் தை மாதத்திலும் இரவு வெப்பம் 20 பாகைக்குக் கீழே அதிகம் இறங்குவதில்லை. எனவே அங்கு விளைச்சல் மேட்டுநிலத்தைவிடக் குறைவாகவே இருக்கும் என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு தொடங்க வேண்டும். பொங்கல் கழித்து நட்டால் எந்த ஊரிலும் பயனில்லை. மாசி வெயில் கிழங்கைப் பருக்க விடாது.

அடுத்து விதைக்கிழங்கு. சான்று பெற்ற விதைக்கிழங்கு கிடைக்குமானால் அதுவே சிறந்தது. சிம்லாவிலுள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட குப்ரி வரிசை இரகங்களுள் குப்ரி சூர்யா வெப்பத்தைத் தாங்கக்கூடியது. சமவெளிக்கு முதலில் தேட வேண்டிய இரகம் அது. குப்ரி ஜோதி பரவலாகக் கிடைக்கும். எதுவும் கிடைக்காதபோது கடைக் கிழங்கையே பயன்படுத்துவோர் உண்டு. நோயற்றதாகத் தேர்ந்தால் அதிலும் விளையும். ஆனால் குளிர்பதனக் கிடங்கிலிருந்து வரும் கிழங்குகளில் சில, முளைக்காமலிருக்க மருந்து அடிக்கப்பட்டவையாக இருக்கும். அவை எத்தனை வாரம் வைத்தாலும் சரியாக முளைக்கமாட்டா. புதிதாக அறுவடையான கிழங்கும் உடனே முளைக்காது. அதற்கு இரண்டு மாத அளவில் உறக்கக் காலம் உண்டு.

நீலகிரியிலிருந்து வரும் கிழங்கை மட்டும் எக்காரணம் கொண்டும் விதையாக நட வேண்டாம் என்று வலியுறுத்திச் சொல்கிறேன். அம்மாவட்ட மண்ணில், வேரைத் தாக்கி விளைச்சலைக் கெடுக்கும் நுண்புழுவான உருளைக்கிழங்கு முட்டைக்கூடு நூற்புழு இருப்பது 1961ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. கிழங்கில் ஒட்டியிருக்கும் சிறிதளவு மண்ணோடு அதன் முட்டைக்கூடுகள் வந்துவிடும்; பயிரே இல்லாவிட்டாலும் பல ஆண்டுகள் மண்ணில் உயிரோடு கிடக்கும். அங்கிருந்து விதைக்கிழங்கு வெளியே செல்வதற்குத் தடை விதிக்கப்பட்டிருப்பதும் இதனால்தான். சமைப்பதற்கு வாங்குவதில் தவறில்லை. மண்ணில் இடுவதுதான் கூடாது.

தேர்ந்த கிழங்குகளை நடுவதற்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே, நேர் வெயில் படாத, ஆனால் வெளிச்சமும் காற்றும் உள்ள இடத்தில் ஓரடுக்காகப் பரப்பி வைக்க வேண்டும். இருட்டில் வைத்தால் முளை வெளிறி நீண்டு, கைபட்டவுடன் ஒடிந்துவிடும். வெளிச்சத்தில் வைத்தால் ஒரு சென்டிமீட்டர் அளவில் குட்டையாக, தடித்து, பச்சையோ ஊதாவோ கலந்த நிறத்தில் முளை வரும். அதுவே வேண்டியது. 40 முதல் 50 கிராம் எடையுள்ள முழுக்கிழங்கே சமவெளிக்கு ஏற்றது. பெரிய கிழங்கானால் ஒவ்வொரு துண்டிலும் இரண்டு முளைக்கண்களாவது இருக்குமாறு வெட்டி, வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டும் வரை இரண்டு மூன்று நாள் நிழலில் வைத்த பிறகே நடலாம். எனினும் ஈரமும் வெதுவெதுப்பும் சேர்ந்த நம் மண்ணில் வெட்டிய துண்டு அழுகும் வாய்ப்பு அதிகம் என்பதால், விதைச் செலவு கூடினாலும் முழுக்கிழங்கையே நான் பரிந்துரைப்பேன்.

மண் பொலபொலவென்று, நீர் தேங்காததாக இருக்க வேண்டும். களிமண் தரையில் முயல்வதைவிடப் பையில் வளர்ப்பது மேல். மாடித் தோட்டத்துக்கு 15 அங்குல அகலமும் அதே உயரமும் உள்ள பை போதும். அதில் இரண்டு கிழங்குகளுக்கு மேல் நட வேண்டாம். செம்மண், தொழுவுரம், உப்பு நீக்கிய தென்னைநார்க் கழிவு மூன்றையும் சம அளவில் கலந்து, பை ஒன்றுக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு சேர்த்தால் அடியுரம் முடிந்தது. தொழுவுரம் நன்கு மக்கியதாக இருப்பது அவசியம். பச்சைச் சாணமும் சாம்பலும் சுண்ணாம்பும் இடக் கூடாது. சற்றே அமிலத்தன்மையுள்ள மண்ணையே இப்பயிர் விரும்புகிறது, காரத்தன்மை கூடினால் கிழங்கின் தோலில் சொறி விழும். முந்திய பருவத்தில் தக்காளி, கத்தரி, மிளகாய் வளர்ந்த மண்ணையும் தவிர்க்க வேண்டும். இவை யாவும் ஒரே குடும்பத்தவை, ஒன்றைத் தாக்கிய வாடல் நோய் மற்றதையும் தாக்கும்.

பையை முழுவதும் நிரப்பாமல் மூன்றில் ஒரு பங்கு மட்டும் கலவை இட்டு, முளை மேல்நோக்கி இருக்குமாறு கிழங்கை வைத்து, நான்கு விரற்கடை அளவுக்கு மண்ணால் மூட வேண்டும். தரையில் நடுவோர் வரிசைக்கு வரிசை 45 சென்டிமீட்டரும் செடிக்குச் செடி 20 சென்டிமீட்டரும் இடைவெளி விடலாம். இரண்டு வாரத்தில் முளை வெளியே தெரியும். அதுவரை மண் ஈரப்பதமாக இருந்தால் போதும். சொதசொதவென்று நனைத்தால் விதைக்கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகிவிடும்.

செடி ஒரு சாண் உயரம் வந்ததும் மண் அணைக்கும் வேலை தொடங்குகிறது. நட்ட பிறகு செய்யும் வேலைகளில் இதைப்போல் பலன் தருவது வேறில்லை. தண்டின் கீழ்ப்பாதி மறையுமாறு கலவையை இட்டு, மேலிலைகளை மட்டும் வெளியே விட வேண்டும். மீண்டும் இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை அணைக்க வேண்டும். மண்ணுக்குள் இருக்கும் தண்டிலிருந்துதான் கிழங்கு தாங்கும் பக்கத்தண்டுகள் கிளம்புகின்றன. அவை வெளிச்சத்துக்கு வந்துவிட்டால் கிழங்காகாமல் இலை விட்டுச் செடியாகிவிடும். பருத்த கிழங்கின் மேல் வெளிச்சம் பட்டாலோ அது பச்சை நிறமாக மாறும். கூடவே சோலனின் முதலிய நச்சுப் பொருள்களும் பெருகும். மண்ணின் மேல் காய்ந்த சருகையோ வைக்கோலையோ பரப்பினால் சூடும் தணியும். கறுப்புப் பைகள் வெயிலில் எளிதில் சூடேறும் என்பதால், மேற்கு வெயில் விழும் பக்கத்தில் ஒரு பலகையோ வேறு தொட்டிகளோ வைத்து மறைப்பது நல்லது.

தண்ணீரை ஒரே சீராகக் கொடுக்க வேண்டும். நான்கு நாள் காயவிட்டுப் பிறகு நிறைய ஊற்றினால் கிழங்கு வெடிக்கும் அல்லது இஞ்சியைப் போல் முண்டும் முடிச்சுமாகத் திரியும். மண் அணைக்கும்போது மண்புழு உரம் இரண்டு கைப்பிடி கலந்தால் போதும். தழைச்சத்தை வாரி வழங்கினால் இலைதான் மிகும்.

அசுவினியும் வெள்ளை ஈயும் இலையின் அடிப்பக்கத்தில் ஒட்டிச் சாற்றை உறிஞ்சும். அவற்றால் ஏற்படும் இழப்பைவிட அவை பரப்பும் நச்சுயிரி நோய்களே பெரிய கேடு. ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சில சொட்டுச் சோப்புக் கரைசலுடன் கலந்து மாலையில் தெளிக்கலாம். மார்கழிப் பனியில் இலை நெடுநேரம் நனைந்திருக்கும்போது கருகல் நோய் வரக்கூடும். 1845இல் தொடங்கிய அயர்லாந்துப் பெரும் பஞ்சத்துக்குக் காரணமான பின்பருவக் கருகல், இலையோரத்தில் நீர் கோத்த திட்டுகளாகத் தோன்றி ஓரிரு நாளில் செடியையே கறுக்க வைக்கும். இலையில் நீர் படாமல் வேரடியில் ஊற்றுவதும், காலையிலேயே பாய்ச்சுவதும், நோய் கண்ட இலைகளை உடனே அகற்றுவதும் வீட்டளவில் பெரும்பாலும் போதுமான காப்பு.

நட்ட 80 முதல் 100 நாள்களில் இலைகள் மஞ்சளாகிச் செடி சாயத் தொடங்கும். அப்போது நீரை நிறுத்திவிட்டு, தண்டைத் தரைமட்டத்தில் அறுத்துவிட்டு, கிழங்கைப் பத்து நாள் மண்ணிலேயே விட வேண்டும். அதற்குள் தோல் முற்றிவிடும். பெருவிரலால் தேய்த்தால் உரியாது. பையைக் கவிழ்த்துக் கையாலேயே பொறுக்குவது நல்லது, மண்வெட்டி பட்ட கிழங்கு நாள்பட நில்லாது. கழுவாமல், மண்ணை மட்டும் தட்டி, இருட்டும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் ஒரு வாரம் ஆறவிட்டு எடுத்து வைக்கலாம். குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி, வறுக்கும்போது கறுக்கும். பச்சை படர்ந்த கிழங்கைச் சமைக்க வேண்டாம். செடியின் இலையும், சில செடிகளில் காய்க்கும் தக்காளி போன்ற சிறு காயும் நச்சுடையவை. குழந்தைகள் உள்ள வீட்டில் அவற்றைப் பறித்து அப்புறப்படுத்திவிட வேண்டும்.

சமவெளியில் விளைந்ததை அடுத்த ஆண்டு விதைக்கென்று எடுத்து வைப்பது பயன் தராது. கோடை வெப்பத்தில் அது கார்த்திகை வரை தாங்காது. தாங்கினாலும் அசுவினி ஏற்றிய நச்சுயிரி அதில் தங்கியிருந்து அடுத்த விளைச்சலைக் குறைக்கும். விதையை ஆண்டுதோறும் புதிதாகவே வாங்க வேண்டும். கிழங்கெடுத்த மண்ணில் சிறிது தொழுவுரம் கலந்து, மாசியில் கீரையோ கொத்தவரையோ தட்டைப்பயறோ விதைக்கலாம். அதே மண்ணில் மீண்டும் உருளைக்கிழங்கு நட மூன்று ஆண்டுகளாவது இடைவெளி விடுவது நல்லது.