எனக்கு வந்ததைத்தான் அனுப்பினேன்

எங்கள் பழைய மாணவர் வட்ஸ்அப் குழுவில் ஒருநாள் இரவு ஒரு ரியூசன் ஆசிரியரின் படம் வந்தது. கீழே மூன்றே வரி: "பிள்ளையளை அனுப்பாதேங்கோ. ஆள் சரியில்லையாம். எல்லாருக்கும் அனுப்புங்கோ." விடிவதற்குள் கனடாவில் இருக்கிற உறவினர்கூட அழைத்து விசாரிக்கும் அளவுக்குப் பரவிவிட்டது. இரண்டு நாளில் உண்மை தெரிந்தது. பிரச்சினைக்குரிய ஆள் அதே பெயருள்ள வேறொருவர். அதற்குள் இவருடைய வகுப்பில் பாதி வாங்குகள் வெறுமையாகியிருந்தன.

அதை அனுப்பியவர்களில் ஒருவன் என் நண்பன். சட்டத்தரணியின் கடிதம் வீட்டுக்கு வந்த அன்று அவன் சொன்னது: "நான் எழுதேல்லையே, வந்ததைத்தானே அனுப்பினன்."

நிறையப் பேர் செய்யும் முதல் தவறு இதுதான். ஒருவரின் பெயரைக் கெடுக்கும் செய்தி மூன்றாம் ஆள் ஒருவருக்குப் போய்ச் சேர்ந்தாலே இலங்கையின் அவதூறுச் சட்டத்தின் கண்ணில் அது வெளியீடு. எழுதியவரும் வெளியிட்டவர், பகிர்ந்தவரும் வெளியிட்டவர். "சரியில்லையாம்", "அடிச்சிட்டாராம்" என்று கடைசியில் ஒரு 'ஆம்' போட்டுத் தப்பலாம் என்று நினைப்பதும் வீண். பெயரைப் போடாமல் "சந்தியடி நீலக் கேற் வீட்டுக்காரர், மருமகன் லண்டன்" என்று எழுதினால்? ஊரே ஆளைக் கண்டுபிடித்துவிடும். அது போதும் வழக்குப் போட.

இரண்டாவது குழப்பம் தமிழ்நாட்டு யூடியூப் காணொளிகளால் வருவது. அங்கே அவதூறு இன்றும் சிறைக்குப் போகக்கூடிய குற்றம். இலங்கையில் குற்றவியல் அவதூறு 2002 இல் நீக்கப்பட்டது. அதனால் இங்கே பயமில்லை என்று நினைக்க வேண்டாம். மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈடு கேட்டு மானநஷ்ட வழக்குப் போடலாம், அதற்கு இரண்டு வருட அவகாசமும் இருக்கிறது. அதோடு, 2024 பெப்ரவரியில் இணையப் பதிவுகளுக்கான நிகழ்நிலைக் காப்புச் சட்டம் (Online Safety Act) வந்தபின், பொய்க் கூற்றோடு ஒருவரின் அந்தரங்கத் தகவலையும் போட்டுத் துன்புறுத்துவது தண்டனைக்குரிய குற்றம். இன, மதப் பகையைத் தூண்டும் பதிவென்றால் 2007 இன் 56 ஆம் இலக்கச் சட்டம் (ICCPR சட்டம் என்று செய்திகளில் வருவது) பாயும். அதில் பிணையே மேல் நீதிமன்றத்தில்தான் கேட்க வேண்டும்.

அடுத்தது, "உண்மையைத்தானே எழுதினேன்" என்ற துணிச்சல். படித்தவர்களும் சறுக்குகிற இடம் இது. எங்கள் அவதூறுச் சட்டம் ஒல்லாந்தர் காலத்து உரோம டச்சுச் சட்டத்தில் இருந்து வந்தது. அதன்படி உண்மை மட்டும் போதாது, அதைச் சொன்னதால் பொதுமக்களுக்கு நன்மையும் இருந்திருக்க வேண்டும். கடையில் பழுதான சாப்பாடு கொடுத்தார்கள் என்று பில்லும் படமும் வைத்துச் சொன்னால் அதில் பொது நன்மை இருக்கிறது. அதே கடைக்காரரின் பழைய கடனையும் குடும்பச் சண்டையையும் இழுத்துப் போட்டால், அத்தனையும் உண்மையாக இருந்தாலும் நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள். விமர்சனம் செய்யுங்கள், அது உங்கள் உரிமை. "கறி உப்பு, விலை கூட" என்பது கருத்து. "கள்ளன்" என்பது குற்றச்சாட்டு, அதற்கு ஆதாரம் வேண்டும்.

உண்மையிலேயே பாதிக்கப்பட்டவர்கள் முகநூலுக்கு முன் உரிய இடத்துக்குப் போங்கள். கடைப் பிரச்சினை என்றால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கம், இலஞ்சம் என்றால் இலஞ்ச ஆணைக்குழுவுக்கு 1954. உரிய அதிகாரியிடம் நல்லெண்ணத்தோடு செய்யும் முறைப்பாட்டுக்குச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு, அதையே பதிவாகப் போட்டால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

சரி, தவறாக ஏதாவது போட்டுவிட்டீர்களா? முதலில் பதிவின் பிரதியை வைத்துக்கொண்டு அதை எடுத்துவிடுங்கள். எடுத்தால் விஷயம் முடிந்தது என்றும் நினைக்காதீர்கள், ஸ்கிரீன்ஷொட் யாரிடமாவது இருக்கும். கோபத்தில் பதிலுக்குப் பதில் எழுதாமல் ஒரு சட்டத்தரணியிடம் போங்கள், பதிவு போட்ட அதே இடத்தில் திருத்தத்தையும் மன்னிப்பையும் போடுங்கள். நட்டஈடு குறைய அது உதவும்.

என் நண்பன் ஆசிரியரின் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டான், எழுதியும் கொடுத்தான். அவர் வழக்குப் போடவில்லை. மன்னிப்பு எங்கள் குழுவில் வந்தது. அந்தப் படம் போய்ச் சேர்ந்த மற்றக் குழுக்களில் அதை யாராவது போட்டார்களா என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.